கள்ளிப்பெட்டி

செவ்வாப்பேட்டைக்குக் குடி வந்த வருஷத்தில் நான் செய்த முதல் காரியம், ஒரு மரத்தை நம்பி மோசம் போனது.

புத்தகங்களுக்கு ஓர் அலமாரி வேண்டியிருந்தது. தேக்கு என்ன விலை என்று விசாரித்தேன். விசாரித்துவிட்டு, விலாசம் தவறி வந்துவிட்ட ஆசாமியைப் போல மெள்ள வெளியே நழுவினேன். திருவள்ளூர்ச் சாலையில் இன்னொரு மரக்கடை இருந்தது. அங்கே மாம்பலகை கிடைத்தது. விலையும் என் சட்டைப் பைக்கு அடங்கியது. பலகையைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. முகர்ந்தால் மழை பெய்து ஓய்ந்த தோட்டத்தின் வாசனை. "இன்னிக்குக் காலையிலேதான் சார் அறுத்தது. புத்தம் புதுசு" என்றான் கடைப் பையன். கத்தரிக்காய் வாங்கும்போது அந்த வார்த்தை எவ்வளவு திருப்தி தருமோ, அவ்வளவு திருப்தி எனக்கு. உளியும் சுத்தியலும் வாங்கி நானே அலமாரி செய்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அது மாசி மாதம். பங்குனியில் முதல் தட்டு லேசாகக் குழிந்தது. சித்திரை வெயில் முடிவதற்குள் ஐந்து தட்டுகளும் ஐந்து ஓடங்களாகிவிட்டன. ஆணி அடித்த இடமெல்லாம் வெடிப்பு. ஆடி மாதத்தில் வேறோர் அதிசயம். தட்டுகளின் அடியில் குண்டூசி நுழையும் அளவுக்குத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் கீழே ஒரு சிட்டிகை வெள்ளை மாவு. நான் அப்போது எழுதிக்கொண்டிருந்த நாவலின் 14-ஆவது அத்தியாயத்தின் மேல் அந்த மாவு கொட்டிக் கிடந்தது. விமரிசகர்களுக்கு முன்னால் ஒரு வண்டு அபிப்பிராயம் சொல்லிவிட்டதே என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்தச் சிரிப்பில் உயிர் இல்லை.

எங்கள் தெருக் கோடியில் ஒரு வயோதிகத் தச்சர் இருந்தார். அவரை அழைத்து வந்து காட்டினேன். விரல் மடக்கி ஒரு தட்டுத் தட்டினார். வேறொன்றும் சோதனை செய்யவில்லை.

"சார், நீங்க வாங்கினது மரம் இல்லே, கீரை" என்றார்.

நான் விழித்தேன்.

"ஆமாம் சார். வெட்டின அன்னிக்கு அது கீரைதான். தண்ணி போகணும். போனப்புறந்தான் அது மரம்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சாஸ்திரம். அப்போதுதான் வெட்டிய மரத்தில், அதன் உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் இருப்பது சகஜம். சில மரங்களில் மரத்தின் எடையளவுக்குத் தண்ணீரே இருக்கும். குழாய்களுக்குள் நிற்கும் தண்ணீர் முதலில் போகிறது. அதனால் எடை குறையுமே தவிர மரம் அசையாது. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான், குழாய்களின் சுவரிலேயே ஊறியிருக்கும் தண்ணீர் வெளியேறுகிறது. அப்போதுதான் மரம் சுருங்க ஆரம்பிக்கிறது. அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கினால் பரவாயில்லை. நீளத்தில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வளையங்களின் ஓட்டத்தில் சுருங்குகிறது. இந்த ஓரவஞ்சனையால்தான் பலகை கோணிக்கொள்கிறது. பலகையின் தலைப்பில் தெரியும் வளையங்களைப் பாருங்கள்: வளைந்த கோடுகள் நிமிரப் பார்க்கின்றன, பலகை அவற்றோடு சேர்ந்து குழிகிறது. இந்தப் பக்கத்துக் காற்றில் ஈரம் பத்துக்கு மேல் பதினைந்துக்குள் எங்கோ வந்து நிற்கும் வரையில் இந்தக் கூத்து ஓயாது.

வண்டின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். நம் முன்னோர்கள் மரத்தின் உட்கட்டையை வைரம் என்றார்கள். வெளிக்கட்டையில் மரம் தனக்கென்று சேர்த்து வைத்த மாவுச்சத்து இருக்கிறது. அதைத் தேடி வந்து முட்டையிடுகிறது வண்டு. மாமரத்தில் வைரத்தைத் தேடினால், விளைந்த பெரிய மரத்தில்தான் ஏதோ கொஞ்சம் அகப்படும். மற்றதெல்லாம் வண்டுக்கு விருந்து. 'உளுத்துப் போயிற்று' என்று ஒரே சொல்லில் தமிழ் இதைச் சொல்லி முடித்துவிடுகிறது.

என் அவமானத்துக்கு ஆறுதலாகச் சில புத்தகங்களைப் புரட்டினேன். புரட்டியதில் ஒன்று விளங்கிற்று. இதே தவற்றை எனக்கு முன்னால் என்னை விடப் பெரிய மனிதர்கள் செய்திருக்கிறார்கள். அதுவும் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே செய்திருக்கிறார்கள். செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் நின்று பார்த்தால் அவர்கள் செய்த இடம் தெரியும்.

1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி, தென்னாட்டின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. இதே திருவள்ளூர் வழியாகத்தான் போயிற்று. தண்டவாளத்தின் கீழே மரக்கட்டை. எஞ்சினின் வயிற்றிலும் மரக்கட்டை. ஒரு மைல் பாதைக்கு 1,700, 2,000 என்று ஸ்லீப்பர் கட்டைகள் வேண்டியிருந்தன. அவசரம். காண்டிராக்டர்கள் கிடைத்த மரத்தை வெட்டி, ஈரம் ஆறுவதற்குள் பூமியில் பதித்தார்கள். மேலே வெயில், கீழே ஈரம், நடுவே கறையான். பச்சையாகப் போட்ட கட்டைகள் சில வருஷங்களிலேயே மக்கிப் போயின. பிறகு ஐரோப்பாவின் வடகோடிக் காடுகளிலிருந்து, தார் எண்ணெயில் ஊறவைத்த மரத்தைக் கப்பலில் தருவிக்க வேண்டியதாயிற்று. காடு நிறைந்த தேசத்துக்கு மரம் இறக்குமதி! வேடிக்கை என்னவென்றால், ரயில் புறப்பட்ட அதே 1856-இல்தான் சென்னை ராஜதானிக்கு முதல் காட்டிலாகா அதிகாரியும் வந்தார். ஹியூ கிளெகார்ன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர். 1861-இல் அவர் தென்னிந்தியக் காடுகளைப் பற்றிப் புத்தகம் போட்டார். ரயில் காட்டைத் தின்றுவிடப் போகிறதே என்ற கவலை அவருக்கு.

எஞ்சினுக்குப் பச்சை விறகு கொடுத்தால் புகை வருமே தவிர நீராவி வராது. அதற்காகவும், வளர்ந்து வந்த பட்டணத்தின் அடுப்புகளுக்காகவும், சென்னையைச் சுற்றி மணற்பாங்கான நிலங்களில் சவுக்கைப் பயிர் செய்தார்கள். சவுக்கு நம் ஊர் மரமல்ல. ஆஸ்திரேலியாவும் கிழக்கிந்தியத் தீவுகளும் அதன் தாய்வீடு. சிங்கரேணியில் 1889-இல் நிலக்கரி வெட்டத் தொடங்கிய பிறகு எஞ்சின்கள் மெல்ல விறகை மறந்தன. சவுக்கு நம்மை மறக்கவில்லை. திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கங்களில் இன்றும் தோப்புத் தோப்பாக நிற்கிறது.

இந்தச் சவுக்கைத் தச்சரிடம் கொண்டு போய் நாற்காலி செய்யச் சொல்லுங்கள். உங்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார். முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும், உலர்ந்துவிட்டால் ஆணியைக் கூட உள்ளே விடாது. ஆனால் அதை வெட்டிய ஈரத்தோடு கொண்டு போய்ப் பந்தல் போடுகிறார்கள், வேலி கட்டுகிறார்கள், நாலு மாடிக்குச் சாரம் கட்டுகிறார்கள். எப்படி? அறுப்பதில்லை, உருண்டைக் கட்டையாகவே வைத்துக்கொள்கிறார்கள். ஆணி அடிப்பதில்லை, கயிற்றால் கட்டுகிறார்கள். மரம் சுருங்கினால் கயிறு தளரும். மறுபடி இறுக்கிவிட்டால் தீர்ந்தது. வேலை முடிந்ததும் அவிழ்த்து அடுத்த இடத்துக்குப் போய்விடலாம். பச்சை மரத்தின் சுபாவத்தைத் திருத்தப் பார்க்காமல் அதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். நான் என் அலமாரியில் இருபது ஆணி அடித்து அதன் கையையும் காலையும் கட்டினேன். அது வெடிக்காமல் என்ன செய்யும்?

ஈரமே வேண்டும் என்கிற தொழிலும் உண்டு. கும்மிடிப்பூண்டி ரயிலில் போனால் திருவொற்றியூர் தாண்டி விம்கோ நகர் என்று ஒரு ஸ்டேஷன் வரும். அங்கே இருந்த தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர்தான் அது. மெட்ரோ ரயிலும் இப்போது அந்தப் பெயரைச் சுமக்கிறது. தீக்குச்சிக்கு வெள்ளையான, மெத்தென்ற, வைரமில்லாத மரம் வேண்டும். இலவு போன்றவை. அந்த மரத்தைச் சுழலவிட்டு, வெள்ளரிக்காயைத் தோல் சீவுவது போல ஒரே நீளமாகத் தகடு உரித்து, பிறகு குச்சியாக நறுக்குவார்கள். ஈரம் இருந்தால்தான் உரியும். உலர்ந்த கட்டை பிளந்து நொறுங்கிவிடும். தச்சர் 'கீரை' என்று ஒதுக்கிய மரம் அங்கே ராஜமரியாதை பெற்றது. குச்சியை உலர்த்துவதெல்லாம் அப்புறம்.

இவ்வளவும் படித்த பிறகு மட்ட மரத்தின் மேல் எனக்கு இருந்த கோபம் போய், ஒரு வாஞ்சை வந்துவிட்டது. சிறு வயதில் எங்கள் வீட்டில் இருந்த கள்ளிப்பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. கள்ளிப்பெட்டி என்றதும், அதைக் கள்ளிச் செடியில் செய்தார்களோ என்று சிலர் நினைக்கலாம். சரக்கு அடைத்து வந்த மட்ட மரப் பெட்டிக்கெல்லாம் அந்தப் பெயர். கள்ளிக் கட்டையைப் போல லேசாக இருந்ததால் அப்படிச் சொன்னார்களோ என்பது என் ஊகம். அதைக் கவிழ்த்துப் போட்டால் ஆசனம். நிமிர்த்து வைத்தால் அரிசிப் பெட்டி. சுவரில் அறைந்தால் சுவாமி அலமாரி. எங்கள் வீட்டில் மூன்றாகவும் இருந்தது. நான் முதல் முதலில் கதை எழுதியதும் அதன் மேல் வைத்துத்தான்.

இது நம் ஏழ்மைக்கு மட்டும் உரிய சாமர்த்தியம் என்று எண்ணிவிடக்கூடாது. மண்ணெண்ணெய் உலகமெல்லாம் பரவிய காலத்தில், நாலு காலன் டின்கள் இரண்டை ஒரு மரப்பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். எண்ணெய் எரிந்து போயிற்று. டின்னும் பெட்டியும் மிஞ்சின. ஆஸ்திரேலியாவின் பண்ணை வீடுகளில் அந்தப் பெட்டிப் பலகையைக் கொண்டு மேஜை, டிராயர், தொட்டில் எல்லாம் செய்தார்கள். இன்று அவற்றைக் காட்சிசாலைகளில் வைத்திருக்கிறார்கள். 1934-இல், உலகமெங்கும் பணமுடை தலைவிரித்தாடிய சமயத்தில், டச்சுக் கட்டடக் கலைஞர் கெர்ரிட் ரீட்வெல்ட் பெட்டிப் பலகையிலேயே நாற்காலி வரைந்தார். பலகையை ஒளிக்கவில்லை, சாயம் பூசி ஏமாற்றவில்லை. வாங்குகிறவனே திருகாணி போட்டுப் பூட்டிக்கொள்ளலாம். அது இன்றைக்குக் கலைப்பொருள். எங்கள் வீட்டுப் பெட்டியைப் பொங்கலுக்கு முந்தின நாள் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார்கள்.

மட்ட மரத்துக்கு ஆயுள் கொடுக்க முடியாதா என்று நம் நாட்டிலேயே ஒருவர் யோசித்தார். டேராடூனில் 1906-இல் காடு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. எந்த மரம் எப்படி உலரும், எது வெடிக்கும், எது கோணும் என்று அங்கே பொறுமையாகக் கணக்கெடுத்தார்கள். அங்கே வேலை பார்த்த சொண்டி காமேசம் என்ற ஆந்திரர், 1933-இல் ஒரு மருந்து கண்டுபிடித்தார். தாமிரம் பூஞ்சணத்தைத் தடுக்கும். ஆர்ஸெனிக் என்ற பாஷாணம் பூச்சியையும் கறையானையும் தடுக்கும். ஆனால் இரண்டும் மழையில் கரைந்து ஓடிவிடுமே? அங்கேதான் காமேசத்தின் சாமர்த்தியம். குரோமிய உப்பை மூன்றாவதாகச் சேர்த்தார். அது மற்ற இரண்டையும் மரத்தோடு பிணைத்து நிறுத்தியது. ஆர்ஸெனிக், தாமிரம் இரண்டின் ரசாயனக் குறிகளையும் சேர்த்து 'ஆஸ்கு' என்று பெயர் வைத்தார்கள். நாலு வருஷத்தில் மக்கும் மரம் பல பத்து வருஷம் நின்றது. தந்திக் கம்பமும் சுரங்கத்து முட்டுக்கட்டையும் அதனால் பிழைத்தன. கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போய், அங்கே வீட்டுத் திண்ணைகளிலும் வேலிகளிலும் குழந்தைகள் ஏறி விளையாடும் சட்டங்களிலும் கூட இந்த மருந்து புகுந்துவிட்டது. தேக்கு வாங்க முடியாதவனுக்கும் தேக்கின் ஆயுளைக் கொடுத்த மனிதர் காமேசம். அவர் பெயரை நம் பள்ளிக்கூடப் பாடத்தில் நான் பார்த்ததில்லை.

ஆனால் பாஷாணம் பாஷாணம்தானே? அந்த மரத்தை அறுத்தால் தூளில் விஷம். எரித்தால் புகையிலும் சாம்பலிலும் விஷம். குழந்தைகள் தொட்டு விளையாடும் இடத்தில் இது வேண்டாம் என்ற முடிவுக்கு அமெரிக்காவில் வந்தார்கள். 2003-ஆம் வருஷக் கடைசியோடு வீட்டு உபயோகத்துக்கு அதை விற்பது நின்றது. காமேசத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுரங்கத்துக்கும் கம்பத்துக்கும் பொருத்தமான மருந்தை விளையாட்டு மைதானத்துக்குக் கொண்டு போனவர் அவரல்ல.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்திருக்கும், அடுத்த வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டியிராவிட்டால்.

அந்த அம்மாளின் மகன் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். வெளிநாட்டு இயந்திரங்கள் வந்த பெட்டிகளைப் பிரித்ததும் பலகைகளை அங்கே மலிவாகக் கொடுத்துவிடுவார்களாம். ஒரு சிறு வண்டி நிறைய ஏற்றி வந்து இறக்கியிருந்தான். பெண் முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள். "சார், நல்ல வெள்ளை மரம். குழந்தைக்குத் தொட்டில் கட்டில் ஒண்ணு பண்ணலாம்னு இருக்கோம். நீங்கதான் மரத்தைப் பத்தி நிறையப் படிக்கிறீங்களே, வந்து ஒரு பார்வை பாருங்களேன்" என்றார்.

என் அலமாரியின் யோக்கியதை அந்த அம்மாளுக்குத் தெரியாது போலிருக்கிறது. ஆனாலும் போனேன். தச்சரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பெரும்பாலும் பைன் பலகை. பலவற்றில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரை தீய்த்துப் போட்டிருந்தது. அந்தக் கதிருக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. 1996-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் நிழல் மரங்களை ஒரு நீளமீசை வண்டு துளைத்துக்கொண்டிருந்தது. சீனாவிலிருந்து வந்த சரக்குப் பெட்டிகளின் மரத்தில் பிரயாணம் செய்து வந்த வண்டு. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டிச் சாய்க்கும்படியாயிற்று. இப்படி ஒரு நாட்டின் மட்ட மரம் இன்னொரு நாட்டின் காட்டைத் தின்றுவிடாதிருக்க, 2002-இல் உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு விதி செய்தார்கள். பெட்டி மரத்தின் நடு வரையில் 56 டிகிரி சூடு 30 நிமிஷம் ஏற வேண்டும்; அப்படிச் செய்ததற்கு 'எச்.டி.' என்று குறி. இல்லாவிட்டால் மெதில் புரோமைடு என்ற விஷப் புகை போட வேண்டும், அதற்கு 'எம்.பி.' என்று குறி.

நான் குறிகளைப் படித்தேன். 'எம்.பி.' போட்ட பலகைகளைத் தனியே எடுத்து வைத்தேன். முத்திரையே இல்லாதவை, எண்ணெய்க் கறை படிந்தவை, பச்சை நிறம் ஓடியவை எல்லாம் அந்தப் பக்கம் போயின. மீந்தவற்றைக் காட்டி, "இதெல்லாம் சூடு காட்டின மரம், பயமில்லை" என்றேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன்.

தச்சர் ஒரு பலகையைத் தூக்கிக் கையில் எடை பார்த்தார். இன்னொன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "சூடு காட்டினாங்க சரி. உலர்த்தினாங்களா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரைமணிச் சூட்டில் பூச்சி சாகும், தண்ணீர் போகாது. சூளையில் உலர்த்தியதற்குத் தனிக் குறி உண்டு. எந்த முத்திரையிலும் அது இல்லை. நான் படித்ததையெல்லாம் அவர் கன்னம் ஒரு கணத்தில் தோற்கடித்துவிட்டது.

"ஆள் படுக்கிற, ஆள் ஏறுற சாமானுக்கு இது வேணாம்மா" என்று அந்த அம்மாளிடம் சொன்னார். "இன்னிக்கு இறுக்கமா நிக்கும். மூணு மாசத்திலே கூடு தளர்ந்து போகும். ஆணி வெளியே தலை நீட்டும். பச்சைப் புள்ளை."

அம்மாளின் முகம் வாடிவிட்டது. மகன் ஏற்றி வந்த கூலியாவது தேற வேண்டாமா?

"வேற எல்லாத்துக்கும் ஆகும்" என்றார் தச்சர். அன்றைக்கே வேலை ஆரம்பமாயிற்று. தரைக்கு மேல் செங்கல் வைத்து, ஒரு வரிசை பலகை, அதன் மேல் குறுக்கே ரீப்பர்த் துண்டுகள், மறுபடி ஒரு வரிசை என்று தாழ்வாரத்தில் அடுக்கினார். காற்று நடுவே போக வேண்டும், வெயில் நேரே படக்கூடாது. தலைப்புகளில் பழைய பெயிண்டைத் தடவினார். தலைப்பு வழியாகத் தண்ணீர் அவசரமாகப் போனால் வெடித்துவிடும். மேலே நாலு கருங்கல் பாரம். அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்று வெள்ளைக்காரர் கணக்கு. நம் ஊர் வெயிலில், பைனுக்கு, முக்கால் அங்குலப் பலகைக்குச் சில மாதம் போதும் என்பது அவர் கணக்கு. ஒதுக்கிய பலகைகளை வெந்நீர் அடுப்புக்கு எடுக்கப் போன அம்மாளை நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். பிள்ளை பெற்ற வீட்டில் அந்தப் புகை வேண்டாம் என்றேன். ஆஸ்குவின் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் பாதி நம்பினார், ஆனாலும் எரிக்கவில்லை.

ஐப்பசி மழையில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. உத்தரத்துக்குப் பதில் கூரைக் கான்கிரீட்டில் ஏற்கெனவே ஒரு கொக்கி இருந்தது. பாட்டியின் பழைய நூல் புடவையில் தூளி கட்டி, அதில் போட்டு ஆட்டினார்கள்.

தை மாதம் தச்சர் அடுக்கைப் பிரித்தார். ஏழெட்டுப் பலகை கோணியிருந்தது. அவற்றைக் கோழிக் கூட்டுக்கென்று வைத்துக்கொண்டார். நேராக நின்றவற்றை இழைத்து, குழந்தையின் எண்ணெய்க் கிண்ணம், பவுடர், துணிகள் வைக்கச் சுவரில் ஒரு தட்டு அடித்தார். ஆணியை ஒரே ஓரத்தில்தான் இறுக்கினார். மறு ஓரத்தில் திருகாணிக்கு நீளமான துளை போட்டுத் தளரவிட்டார். மழைக்காலத்தில் மரம் கொஞ்சம் விரியும், வெயில்காலத்தில் கொஞ்சம் சுருங்கும். போய்வர இடம் வேண்டுமாம்.

மீந்த நாலு பலகைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். என் பழைய அலமாரியைப் பிரித்து, உளுத்த தட்டுகளை எடுத்துவிட்டு, இவற்றைச் செருகிக் கொடுத்தார். ஐந்தாவது தட்டுக்குப் பலகை போதவில்லை. அந்த ஒரு தட்டு மட்டும் இன்னும் பழைய மாம்பலகையாகவே, ஓடம் போல இருக்கிறது. அதில் நான் புத்தகம் வைப்பதில்லை. மூக்குக் கண்ணாடியையும் பேனாக்களையும் வைக்கிறேன். அவை உருண்டு கீழே விழுவதில்லை.